எழுதத் திணறும் பிள்ளைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பது எப்படி? கற்றல் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"வாயால கேட்டா பாடம் முழுக்கச் சொல்றான். பேப்பரைக் கொடுத்தா நாலு வரிக்கு மேல வரமாட்டேங்குது." கற்றல் குறைபாடு உள்ள பிள்ளையின் பெற்றோர் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். அந்த நாலு வரியிலும் பாதிப் புள்ளிகளைக் காணோம், துணைக்கால் தொலைந்திருக்கும், 'பள்ளி' 'பல்லி' ஆகியிருக்கும். ஆசிரியர் ஓரத்தில் 'கவனம் தேவை' என்று எழுதியிருப்பார். வீட்டில் தாத்தா, "கையெழுத்து மோசமா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்கும், விடுங்க" என்பார். இருவரும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் பிள்ளை நாளைக்கு ஐந்தாவது வரியை எப்படி எழுதுவது என்பதற்கு இரண்டிலும் வழியில்லை.

டிஸ்லெக்ஸியா (வாசிப்பதிலும் எழுத்துக்கூட்டுவதிலும் வரும் குறைபாடு), டிஸ்கிராஃபியா (எழுதுவதில் வரும் குறைபாடு) என்று கண்டறியப்பட்ட அல்லது அப்படி இருக்குமோ என்ற சந்தேகம் உள்ள, ஏறக்குறைய 7 முதல் 13 வயதுவரையிலான பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தமிழில் எழுதுவதுதான் இங்கே மையம். கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்துக்காக உருவானவை. தமிழ் எழுத்தின் சிக்கல்கள் வேறு, அது தரும் வசதிகளும் வேறு.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். எழுதுவது என்று நாம் சொல்வது ஒரே நேரத்தில் நடக்கும் மூன்று வேலைகள். கை, எழுத்தின் வடிவத்தை உருவாக்க வேண்டும். காதில் கேட்கும் சொல்லுக்கு எந்தெந்த எழுத்து என்று தெரிய வேண்டும். இதற்கிடையே என்ன சொல்வது, எதற்குப் பின் எதைச் சொல்வது என்று மனம் யோசிக்க வேண்டும். நமக்கு முதல் இரண்டும் பழகிப்போய்த் தானாக நடக்கின்றன. இந்தப் பிள்ளைகளுக்கு அப்படி நடப்பதில்லை. 'ண'வுக்கு எத்தனை சுழி என்று யோசித்து முடிப்பதற்குள் சொல்ல வந்த வாக்கியம் மறந்துபோகிறது. சைக்கிள் பழகும் பிள்ளையின் தலையில் தண்ணீர்க் குடத்தையும் வைத்த கதைதான். ஆகவே கீழே வரும் எல்லாப் படிகளிலும் ஒரே கொள்கைதான் ஓடுகிறது: மூன்றையும் பிரித்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் பழக்குவது. மற்ற இரண்டையும் அந்த நேரத்துக்கு நாம் சுமந்துகொள்வது.

படி 1: எங்கே தடுக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

பயிற்சியைத் தொடங்குமுன் ஒரு வாரத்துக்குள் நான்கு மாதிரிகளை எடுத்து வையுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்க வேண்டாம்.

முதலாவது, புத்தகத்தைப் பார்த்து ஐந்து வரி எழுதுவது. இரண்டாவது, நீங்கள் சொல்லச் சொல்லப் பத்துச் சொற்கள் எழுதுவது, அதாவது டிக்டேஷன். மூன்றாவது, 'நேற்று என்ன நடந்தது' என்று சொந்தமாகப் பத்து நிமிடம் எழுதுவது. நான்காவது, அதே விஷயத்தை வாயால் சொல்வது. அதை செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். எல்லாவற்றிலும் தேதி போடுங்கள்.

இப்போது நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பார்த்து எழுதுவதே கோணல்மாணலாக, மெதுவாக, கை வலிக்கிறது என்ற புலம்பலோடு நடந்தால் சிக்கல் கையில் இருக்கலாம். பார்த்து எழுதும்போது அழகாக வருகிறது, சொல்லி எழுதினால் குலைகிறது என்றால் சிக்கல் எழுத்துக்கூட்டுவதில். இரண்டும் ஓரளவு வருகின்றன, சொந்தமாக எழுதும்போது மட்டும் இரண்டே வரி, வாயால் சொல்லும்போது அருவியாகக் கொட்டுகிறது என்றால் மூன்று வேலைகளையும் சேர்த்துச் செய்வதில்தான் தடை. வாயால் சொல்வதும் தடுமாறினால், தொடர்பில்லாமல் துண்டுதுண்டாக வந்தால், மொழி வளர்ச்சியையே பார்க்க வேண்டும். அதற்குப் பேச்சுப் பயிற்சியாளரிடம் செல்ல வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பார்த்து எழுதுவது மெதுவாக இருந்தாலே கைதான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். வாசிக்கவே சிரமப்படும் பிள்ளை ஒவ்வொரு எழுத்தாகத் தலையைத் தூக்கிப் பார்த்து எழுதுவான். எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை தடவை நிமிர்கிறான் என்று கவனித்தால் தெரிந்துவிடும்.

கண் பரிசோதனையும் காது பரிசோதனையும் கட்டாயம். அப்புறம் முறையான மதிப்பீடு. இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுப்பு இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. அதோடு அறிவுத்திறன் சோதனையும் செய்வார்கள். கற்றல் குறைபாடும் அறிவுத்திறன் குறைபாடும் வேறுவேறு, இந்தச் சோதனை அதைப் பிரித்துக் காட்டத்தான். அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் வட்டார வளமையத்தில் உள்ள சிறப்பாசிரியரைத் தலைமையாசிரியர் மூலம் அணுகலாம். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும், மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷனும் இருக்கின்றன. சான்றிதழ் பெரும்பாலும் மூன்றாம் வகுப்பு வயதுக்குப் பிறகுதான் கிடைக்கும். அதற்காக உதவியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. கீழே உள்ள எதற்கும் சான்றிதழ் தேவையில்லை, குறைபாட்டின் பெயர் தெரியாவிட்டாலும் இந்தப் பயிற்சிகள் பிள்ளைக்குக் கெடுதல் செய்யாது.

படி 2: கை

உட்காரும் விதத்தில் தொடங்குங்கள். பாதம் தரையில் படிய வேண்டும். எட்டாவிட்டால் காலடியில் ஒரு மணைப்பலகை போதும். மேசை முழங்கை உயரத்தில் இருக்கட்டும். கட்டிலில் குப்புறப் படுத்து எழுதுவது, மடியில் நோட்டு வைத்து எழுதுவது எல்லாம் மற்ற பிள்ளைகளுக்குப் பரவாயில்லை, இவனுக்கு வேண்டாம். நோட்டைச் சற்றுச் சாய்த்து வைக்கலாம். இடது கைப்பழக்கம் உள்ளவன் என்றால் சாய்வு எதிர்ப்பக்கம். பள்ளி பெஞ்சில் இடது ஓரத்தில் உட்காரவைக்கச் சொல்லுங்கள், அடுத்தவன் முழங்கையோடு சண்டை நடக்காது. இடது கையை மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தவே கூடாது.

பென்சில் பிடிக்கும் விதத்தைப் பற்றி வீடுகளில் நடக்கும் சண்டை தேவைக்கு மேல் பெரியது. மூன்று விரல் பிடிதான் பாடப்புத்தகப் பிடி. ஆனால் நான்கு விரலால் பிடித்து வலியில்லாமல், படிக்கும்படி, போதுமான வேகத்தில் எழுதுகிறான் என்றால் விட்டுவிடலாம். நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்திப் பிடித்தால்தான் கவனிக்க வேண்டும். தடிமனான முக்கோணப் பென்சில், அல்லது விரல் நீளத்துக்கு உடைத்த சின்னப் பென்சில் துண்டு அதற்கு உதவும்.

சப்பாத்தி மாவு பிசையவிடுவது, பட்டாணி உரிக்கவிடுவது, புள்ளிக்கோலம் போடவிடுவது எல்லாம் விரலுக்கு நல்லதுதான், பிள்ளைக்கும் பிடிக்கும். ஆனால் அவை மட்டுமே எழுத்தைத் திருத்திவிடாது. எழுத்து எழுதித்தான் எழுத்து வரும். களிமண் பிசைவதிலேயே மாதங்களை ஓட்டிவிட்டு, எழுதும் பயிற்சியே தராத வகுப்புகளுக்குப் பணம் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அகரவரிசைப்படி எழுதிப் பழக்க வேண்டாம். 'அ'வே தமிழில் கடினமான வடிவங்களில் ஒன்று. கை போகும் போக்கை வைத்துக் கூட்டம் கூட்டமாகப் பிரியுங்கள். நேர்கோட்டில் தொடங்கும் ட, ப, ய, ம, ழ ஒரு கூட்டம். 'ப' வந்துவிட்டால் 'ய' அருகில்தான், அதன்கீழ் வால் வைத்தால் 'ழ'. க, ச, த இன்னொரு கூட்டம். சுழியில் தொடங்கும் எழுத்துகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். 'ரெண்டு சுழி ன', 'மூணு சுழி ண' இரண்டையும் ஒரே வாரத்தில் சொல்லித்தர வேண்டாம். ஒன்று உறைந்தபின் மற்றது.

புதிய எழுத்தை முதலில் பெரிதாக, தோள் அசையும்படி, தரையில் சாக்பீஸால் எழுதட்டும். பிறகு தட்டில் பரப்பிய மணலிலோ அரிசியிலோ விரலால். எழுதும்போதே அந்த ஒலியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பார்வை, ஒலி, தொடுகை மூன்றும் சேரட்டும் என்று இன்றைய டிஸ்லெக்ஸியா பயிற்சிகள் வலியுறுத்துகின்றன. நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதி உரக்கச் சொல்லித்தான் படித்தார்கள். அப்புறம் சிலேட்டு, அதற்கும் பிறகுதான் இரண்டு கோடு நோட்டு. நோட்டில் ஒரு நேரத்தில் ஐந்தாறு எழுத்து போதும். அதில் எது நன்றாக வந்திருக்கிறது என்று அவனையே வட்டம் போடச் சொல்லுங்கள். பக்கம் நிறைய எழுதவைத்தால் கடைசி வரியில் இருப்பது பயிற்சி பெற்ற எழுத்தாக இருக்காது, களைத்துப்போன எழுத்தாகத்தான் இருக்கும்.

படி 3: எழுத்துக்கூட்டுதல்

தமிழ்ப் பிள்ளைகளுக்கு முக்கியமான இடம் இது. இங்கே அதிக நாள் தங்க வேண்டியிருக்கும்.

247 எழுத்து என்று பயமுறுத்தாதீர்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, அதோடு சில குறிகள். மீதி எல்லாம் சேர்க்கைதான். இந்தச் சேர்க்கை பிள்ளைக்குக் கண்ணால் தெரிய வேண்டும். அட்டைகள் வெட்டி, அகரமேறிய மெய்யை (க, ச, ட போன்றவை) நீல மையிலும், கால், கொம்பு, புள்ளி போன்ற குறிகளைச் சிவப்பிலும் எழுதிவையுங்கள். எந்தச் சொல்லையும் எழுதும் முன் அட்டையால் கட்டிப் பார்க்கட்டும். கையின் வேலையை நீக்கிவிட்டதால் எழுத்துக்கூட்டுவதில் மட்டும் கவனம் போகும்.

இந்த ஒழுங்குக்கு அடங்காதவை உகர ஊகார வரிசைகள். கு, சு, டு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளையும். இவற்றை விதியாகச் சொல்லித்தர முடியாது, ஒவ்வொன்றாகத்தான் பழக வேண்டும். அதனால் பிள்ளை இங்கே தடுமாறினால் கோபிக்க ஒன்றுமில்லை.

அடுத்த பொறி கொம்பு. 'கெ' என்று சொல்லும்போது காதில் முதலில் விழுவது 'க்', அப்புறம் 'எ'. எழுதும்போதோ கொம்பை முதலில் போட்டுவிட்டுத்தான் 'க' எழுத வேண்டும். 'கொ' என்றால் முன்னால் கொம்பு, பின்னால் கால். ஒலியின் வரிசையும் எழுத்தின் வரிசையும் இப்படி முரண்படும் இடத்தில் இந்தப் பிள்ளைகள் நிச்சயம் தடுக்கி விழுவார்கள். கொம்பை விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் அடுத்த எழுத்துக்குப் போட்டுவிடுவார்கள். எழுதும் வரிசையை வாயால் சொல்லவைப்பது நல்ல மருந்து: "ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால்." பள்ளியில் என்ன பெயர் சொல்கிறார்களோ அதையே வீட்டிலும் சொல்லுங்கள். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் படித்த பாட்டி, 'லை', 'னை' எழுத்துகளைத் துதிக்கை வைத்த பழைய வடிவத்தில் எழுதிக்காட்டினால், அழகாக இருந்தாலும் இப்போதைக்கு வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

குறில் நெடில் குழப்பத்துக்குக் காதைப் பழக்குங்கள். கல், கால். படி, பாடி. குடை, கூடை. கொடி, கோடி. எடு, ஏடு. குறிலுக்குக் கையைச் சுருக்கவும் நெடிலுக்கு விரிக்கவும் சொல்லி, எழுதாமலேயே விளையாடலாம். பஸ்ஸில் போகும்போதுகூடச் செய்யலாம். அதேபோல மெய் விடுபடுவதற்கும்: பாடு, பாட்டு. ஓடு, ஓட்டு. எடு, எட்டு. 'பாட்டு' என்று சொல்லும்போது நாக்கு ஒரு கணம் நிற்கிறதே, அந்த நிற்கும் இடத்தில் மேசையைத் தட்டச் சொல்லுங்கள். தட்டிய இடத்தில் புள்ளி வைத்த எழுத்து இருக்கிறது என்று பிடிபட்டுவிட்டால் பாதிப் பிழைகள் குறைந்துவிடும்.

ன, ண, ந, ல, ள, ழ, ர, ற விஷயத்துக்கு வருவோம். பல தடவை எழுதினால் மனதில் பதிந்துவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. எழுத்தின் தோற்றத்தை நினைவில் வைப்பதே பலவீனமாக உள்ள பிள்ளைக்கு இது எடுபடாது. ஆனால் இவர்களில் பலருக்குக் காரணகாரியம் நன்றாகப் பிடிபடும். தமிழ் எழுத்தில் காரணம் நிறையவே இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

சொல்லின் தொடக்கத்தில் வருவது எப்போதும் 'ந'தான். ன, ண இரண்டும் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது. இந்த ஒரு விதியிலேயே நாய், நிலா, நாளை, நேற்று எல்லாம் சரியாகிவிடும். நடுவில் வந்தால் ஜோடியைப் பார்க்க வேண்டும்: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. 'ட'வுக்கு முன்னால் ஒலிப்பது 'ண்', 'த'வுக்கு முன்னால் 'ந்', 'ற'வுக்கு முன்னால் 'ன்'. வண்டி, பந்து, கன்று. இந்த ஆறு ஜோடிகளையும் ஓர் அட்டையில் எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள். டிக்டேஷன் எழுதும்போதும் அதைப் பார்க்க அனுமதியுங்கள். ர, ழ இரண்டும் இரட்டிக்காது. அழுத்தி ஒலித்தால் அது 'ற்ற' தான், வேறு வழியில்லை: காற்று, சேற்று, வெற்றி. 'ள்ள', 'ல்ல' உண்டு, 'ழ்ழ' கிடையாது.

விதிக்குள் வராதவற்றைக் குடும்பமாகச் சேர்த்துக் கற்கலாம். மழை, வாழை, பழம், கிழவர், தமிழ் என்று 'ழ' வரும் சொற்களாக வாரத்துக்கு ஐந்து. ஐந்தையும் வைத்து ஒரு கிறுக்குத்தனமான வாக்கியம் கட்டினால் இன்னும் நன்றாக ஒட்டும்: "தமிழ்க் கிழவர் மழையில் வாழைப்பழம் வாங்கினார்." ஒவ்வொரு சொல்லுக்கும் செய்ய வேண்டியது இது: பார், உரக்கச் சொல், மூடு, எழுது, திறந்து சரிபார். சரிபார்ப்பது பிள்ளையின் வேலை, உங்களுடையது அல்ல.

இம்போசிஷன் பற்றிப் பலரும் கேட்பார்கள். தவறாக எழுதிய சொல்லை இருபது தடவை எழுதச் சொன்னால் மூன்றாவது தடவையில் மீண்டும் தவறு புகுந்து, மிச்சப் பதினேழு தடவையும் அந்தத் தவறையே பழக்கிக்கொள்வான். மூன்று நாள் இடைவெளிவிட்டு ஒவ்வொரு தடவை எழுதினால் அதைவிட அதிகப் பலன் கிடைக்கும்.

ஆங்கிலத்தையும் இதே நாளில் சேர்த்துக் குழப்ப வேண்டாம். 'b', 'd' என்ற சின்ன எழுத்துகளைத் திருப்பிப் போடுவது ஆறேழு வயதுவரை பல பிள்ளைகளும் செய்வதுதான். தமிழில் அப்படிக் கண்ணாடிப் பிம்பமான ஜோடிகள் இல்லாததால், சில பிள்ளைகளின் சிக்கல் ஆங்கிலத்தில்தான் முதலில் வெளியே தெரியும்.

படி 4: வாக்கியம்

இதைப் பெரும்பாலும் வாயாலேயே செய்யலாம். "மாடு ஓடியது" என்று தொடங்குங்கள். எந்த மாடு? எங்கே ஓடியது? ஏன்? "வெடிச் சத்தம் கேட்ட கறுப்பு மாடு சந்தைக்குள் ஓடியது." ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு துண்டுச் சீட்டு சேரும், வினைச்சொல் மட்டும் கடைசிச் சீட்டாக இடம் மாறாமல் நிற்கும். தமிழ் வாக்கியத்தின் அமைப்பு இப்படிக் கையில் பிடித்துப் பார்க்கும்படி ஆகிவிடும்.

இன்னொன்று, ஒரே தொடக்கத்துக்கு மூன்று முடிவு. "மழை பெய்தது, அதனால்..." "மழை பெய்தது, ஆனால்..." "மழை பெய்தது, ஏனென்றால்..." கடைசியை முடிக்கத்தான் பிள்ளைகள் அதிகம் யோசிப்பார்கள். யோசிக்கட்டும்.

படி 5: சொந்தமாக எழுதுவது

பள்ளிப் பிள்ளைக்கு இங்கே கூடுதலாக ஒரு சுமை இருக்கிறது. வீட்டில் பேசும் தமிழ் வேறு, நோட்டில் எழுத வேண்டிய தமிழ் வேறு. கதையை யோசிக்கும்போதே அதை எழுத்துத் தமிழாக மாற்றவும் வேண்டியிருக்கிறது. கற்றல் குறைபாடுள்ள பிள்ளைக்கு இது நான்காவது வேலை. என் கருத்து இதுதான்: முதல் எழுத்துப்படி பேச்சுத் தமிழிலேயே இருக்கட்டும். சில ஆசிரியர்களுக்கு இது பிடிக்காது. வீட்டு நோட்டில் செய்யுங்கள்.

நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் 'எங்கள் ஊர்த் திருவிழா' எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எப்படிப் போகும் என்று பார்க்கலாம்.

முதல் நாள் பென்சிலைத் தொட வேண்டாம். "என்னடா ஆச்சு திருவிழாவுல?" என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். அவன் சொல்வான்: "சாயங்காலம் தேர் வந்துச்சு. நாங்க எல்லாரும் வடம் புடிச்சோம். திடீர்னு மழை வந்துருச்சு. தேர் நடுத்தெருவுலயே நின்னுருச்சு. எல்லாரும் நனைஞ்சோம். பெரியப்பா மட்டும் குடை வச்சிருந்தாரு. அதுவும் கிழிஞ்ச குடை."

இதைக் கேட்டு நான்கு கட்டம் போட்ட தாளில் நான்கு படம் வரையட்டும்: தேர், வடம், மழை, குடை. படம் அழகாக இருக்கத் தேவையில்லை, அதுதான் அவனுடைய குறிப்பு. என்ன எழுதுவது, எதற்குப் பின் எது என்ற கேள்வி இதோடு முடிந்தது.

இரண்டாம் நாள், கட்டத்துக்கு ஒரு வாக்கியம். வாயால் சொல்லிவிட்டு எழுதட்டும். 'வந்துச்சு' என்றே எழுதலாம். ஒரு சொல் எழுத வரவில்லை என்றால் முதல் எழுத்தைப் போட்டுவிட்டுக் கோடு இழுத்துத் தாண்டிப் போகட்டும். கை ஓய்ந்துவிட்டால், "இந்த வரியை நீ சொல்லு, அம்மா எழுதறேன். அடுத்த வரி நீ" என்று மாற்றி மாற்றி எழுதலாம். அப்படி எழுதியது ஏமாற்று வேலை ஆகாது, வாக்கியங்கள் அவனுடையவைதானே.

மூன்றாம் நாள் எழுத்துத் தமிழாக மாற்றுவது. இதிலும் ஒழுங்கு இருக்கிறது. 'ச்சோம்' 'த்தோம்' ஆகும்: புடிச்சோம், பிடித்தோம். 'ஞ்ச' 'ந்த' ஆகும்: நனைஞ்சோம், நனைந்தோம். கிழிஞ்ச, கிழிந்த. 'ருச்சு' 'விட்டது' ஆகும்: வந்துருச்சு, வந்துவிட்டது. நின்னுருச்சு என்பதை மாற்றும்போது 'நின்று' வரும், மேசையில் ஒட்டிய அட்டையில் 'ன்ற' ஜோடி காத்திருக்கும். இந்த மாற்றங்களை ஒரு தனிப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டே வந்தால், சில மாதங்களில் பையனிடமே ஒரு சின்ன அகராதி இருக்கும்.

வேறொரு நாள் நீங்கள் எழுதுங்கள், அவன் பார்க்கட்டும். மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும்: "முதல்ல எதைச் சொல்லலாம்? மழையில தொடங்கினா நல்லா இருக்குமோ? இந்தச் சொல்லு எனக்கே சந்தேகமா இருக்கு, கோடு போட்டுட்டு அப்புறம் பார்ப்போம்." அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்கள் கேரன் ஹாரிஸும் ஸ்டீவ் கிரஹாமும் எழுதத் திணறும் பிள்ளைகளுக்காக வளர்த்தெடுத்த முறையில் இப்படி யோசித்துக்காட்டுவது முக்கியமான பகுதி. எழுதத் தெரிந்தவர்களும் தயங்குகிறார்கள், அடிக்கிறார்கள், மாற்றுகிறார்கள் என்பது பல பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி.

படி 6: திருத்துவது

பையனின் தாளில் இப்படி இருக்கிறது: 'மலை வந்துவிட்டது', 'வடம் பிடிதோம்', 'தேர் நின்ருவிட்டது'. சிவப்புப் பேனாவை எடுக்காதீர்கள். முதலில் எழுதியதற்குப் பதில் சொல்லுங்கள். "பெரியப்பா குடை கிழிஞ்சதுதான் சூப்பர்!" ஒருவர் படித்து ரசிக்கிறார் என்று தெரிந்தால்தான் எழுதுவதற்கு ஓர் அர்த்தம் கிடைக்கும்.

பிறகு ஒரே ஒரு வகைப் பிழையை மட்டும் எடுங்கள். இந்த வாரம் விடுபட்ட மெய் என்றால் 'பிடிதோம்' மட்டும். 'மலை'யும் 'நின்ரு'வும் அடுத்த வாரங்களுக்கு. தவறு இருக்கிறது என்று தெரிந்தும் கண்டுகொள்ளாமல் இருப்பது பெற்றோருக்குத்தான் பெரிய பயிற்சி. நீங்கள் சுட்டிக்காட்டுவதைவிட, அவன் எழுதியதை எழுதியபடியே உரக்க வாசித்துக் காட்டுங்கள். "பிடி-தோம்" என்று கேட்டதும் அவனே சிரித்துக்கொண்டு திருத்துவான்.

சுத்தமாக மறுபடி எழுதச் சொல்ல வேண்டாம். எப்போதாவது, தாத்தாவுக்குக் கடிதம், வகுப்புச் சுவரில் ஒட்டுவது போல உண்மையாகவே ஒருவர் படிக்கப்போகிறார் என்றால் மட்டும் செய்யலாம்.

தினமும் இதற்கெல்லாம் இருபது நிமிடம் போதும். ஐந்து நிமிடம் கை, ஏழெட்டு நிமிடம் எழுத்துக்கூட்டுதல், மீதி வாக்கியமோ கதையோ. டியூஷன் முடிந்து இரவு ஒன்பது மணிக்கு உட்காரவைத்தால் ஒன்றும் நடக்காது. காலையில் பல் துலக்கிய கையோடு செய்பவர்கள் இருக்கிறார்கள். அழுகை தொடங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான், நோட்டை மூடிவிடுங்கள். மாதம் ஒருமுறை படி 1இல் எடுத்த மாதிரியைப் போல ஒன்று எடுத்துத் தேதியோடு வையுங்கள். முன்னேற்றம் வாரக்கணக்கில் தெரியாது.

படி 7: கருவிகள்

'இப்பவே டைப் பண்ணக் கொடுத்தா கையால எழுதவே மாட்டானே' என்ற பயம் இயல்பு. கைப்பயிற்சியை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளையின் யோசனைகள் கை சரியாகும்வரை காத்திருக்கக் கூடாது.

தமிழ்99 விசைப்பலகை இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வரம். அதில் ஒலிக்கும் வரிசையிலேயே தட்டலாம்: 'க' தட்டி 'எ' தட்டினால் 'கெ'. கொம்பு எங்கே என்ற கவலை கிடையாது. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி விழும். 'ந' தட்டி 'த' தட்டினால் 'ந்த' வந்துவிடும். படி 3இல் பார்த்த ஜோடிகள் இங்கே விரலுக்குப் பழகும்.

செல்போனில் கூகுள் குரல்வழித் தட்டச்சு தமிழிலும் வேலை செய்கிறது. முதல் எழுத்துப்படிக்கு அதைப் பயன்படுத்தலாம். எழுதியதை உரக்க வாசித்துக்காட்டும் வசதி பிழை கண்டுபிடிக்க உதவும்.

படி 8: பள்ளியும் தேர்வும்

ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது, "இவனுக்குக் கொஞ்சம் பார்த்துக்கோங்க மிஸ்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். திட்டவட்டமாகக் கேளுங்கள். "போர்டில் இருப்பதை முழுக்க எழுத இவனால் முடியவில்லை, மிஸ். பக்கத்துப் பிள்ளையின் நோட்டை போட்டோ எடுத்துக்கொள்ளலாமா?" "அறிவியல் விடையில் எழுத்துப்பிழைக்கு மார்க் குறைக்காமல் இருக்க முடியுமா?" "பத்துக் கேள்விக்குப் பதில் ஐந்து எழுதினால் போதுமா? மீதியை வாயால் சொல்லட்டும்." நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு திணறும் ஆசிரியருக்கும் இப்படிக் கேட்டால்தான் ஆமாம், இல்லை என்று சொல்ல வசதி. உங்கள் மாதிரி நோட்டையும் பதிவையும் காட்டுங்கள். வாயால் அவன் சொல்வதைக் கேட்டபின் 'சோம்பேறி' என்று சொல்வது யாருக்கும் கடினம்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் எழுத்தர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் மாநிலப் பாடத்திட்டத்திலும் சிபிஎஸ்இயிலும் உண்டு. மாநிலத் தேர்வில் பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், கடைசி நேரத்தில் ஓடினால் நடக்காது. ஒன்பதாம் வகுப்பிலேயே மருத்துவச் சான்றிதழ் வேலையைத் தொடங்கிவிடுங்கள். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், 40 சதவீதக் குறைபாடு என்ற வரம்பை எட்டாதவர்களுக்கும் எழுதுவதில் உண்மையான சிரமம் இருந்தால் எழுத்தர் வசதியை மறுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில், டிஸ்கிராஃபியா உள்ள மாணவி ஒருவருக்கு நீட் தேர்வில் கூடுதல் நேரம் தராதது தவறு என்றும் சொன்னது. பள்ளி தயங்கினால் இவற்றைச் சொல்லிக் கேட்கலாம்.

மொழிப்பாட விலக்கை மட்டும் அவசரப்பட்டு வாங்க வேண்டாம். மேலே எந்தப் படிப்பு, எந்த வேலைக்கு அந்த மொழி மதிப்பெண் தேவைப்படும் என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். எழுத்தர் வசதி கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். இன்னொருவருக்குச் சொல்லி எழுதவைப்பது தனித் திறமை. "புதுப் பத்தி தொடங்குங்க", "இந்தச் சொல்லுக்கு அடிக்கோடு போடுங்க", "கடைசியா எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க" என்று முன்பின் தெரியாதவரிடம் கேட்கக் கூச்சப்படும் பிள்ளைகள் அதிகம். பெரிய தேர்வுக்கு ஓராண்டு முன்பிருந்தே அக்காவோ சித்தப்பாவோ எழுத்தராக உட்கார்ந்து, பழைய வினாத்தாளை வைத்து, கடிகாரத்தைப் பார்த்துப் பழக்குங்கள். அரையாண்டுத் தேர்வில் பள்ளியே ஏற்பாடு செய்யும் எழுத்தரோடு ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டால், கூடுதல் நேரம் உண்மையில் எந்தப் பாடத்துக்குத் தேவைப்படுகிறது என்பதும் தெரிந்துவிடும்.